48 வீடுகள், ஒரு கிணறு: எந்தச் சிக்கனத்தை முதலில் செய்வது?

திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், பத்து கிரவுண்டு (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி) மனையில் அமைந்த எங்கள் அடுக்ககத்தில் 48 வீடுகள் உள்ளன. அவை அனைத்துக்கும் சேர்த்து ஒரு திறந்த கிணறு, ஓர் ஆழ்துளைக் கிணறு, ஒரு மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரிய) இணைப்பு, இவை மூன்றும் கைகொடுக்காத மாதங்களில் தண்ணீர் லாரி என்பதே ஏற்பாடு. இந்த ஆண்டுப் பொதுக்குழுவில் தண்ணீர்ச் சிக்கனத்துக்கென ஒரு தொகை ஒதுக்கப்பட்டது. அதைக் கொண்டு ஒரு பெரிய வேலையும் ஒரு சிறிய வேலையும் செய்யலாம். அதற்கு மேல் இயலாது. உறுப்பினர்கள் முன்வைத்த யோசனைகளோ ஐந்து: ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழமாக்குவது, மழைநீர் சேகரிப்பைச் சீரமைப்பது, குளியலறைக் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்குத் திருப்புவது, குழாய்களையும் கழிப்பறைத் தொட்டிகளையும் மாற்றுவது, வீட்டுக்கு வீடு மீட்டர் பொருத்துவது. இவற்றை ஒப்பிட்டு எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்காகப் போட்ட கணக்கையும் நான் வந்தடைந்த முடிவையும் கீழே விரித்து எழுதுகிறேன். இதே நிலையில் உள்ள பிற சங்கங்களுக்கும் இது உதவலாம்.

முதலில் தேவையின் அளவைப் பார்க்க வேண்டும். நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பதை இந்தியாவில் குடிநீர்த் திட்டங்களை வகுப்போர் அளவுகோலாகக் கொள்கின்றனர். அதன் உட்பிரிவும் நடைமுறையில் உள்ளது: குளிக்க 55, கழிப்பறைக்கு 30, துணி துவைக்க 20, வீடு கழுவ 10, பாத்திரம் கழுவ 10, சமைக்க 5, குடிக்க 5. வீட்டுக்கு நால்வர் எனக் கொண்டால் எங்கள் அடுக்ககத்தில் 192 பேர். அவர்களுடைய நாள் தேவை ஏறத்தாழ 26,000 லிட்டர். ஆண்டுத் தேவை ஏறத்தாழ 95 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியால் அளந்தால் தினமும் இரண்டு லாரிக்குச் சற்று மேல். இது ஏட்டுக் கணக்கு. உண்மையில் நாங்கள் எவ்வளவு செலவழிக்கிறோம் என்பதைச் சங்கத்தில் எவராலும் சொல்ல முடியாது, ஏனெனில் எங்கள் மோட்டார்கள் எதற்கும் மீட்டர் கிடையாது. வந்த லாரிகளின் எண்ணிக்கை மட்டும் காவலாளியின் நோட்டில் இருக்கிறது.

ஒவ்வொரு யோசனையையும் இரண்டு கேள்விகளால் சோதித்தேன். எவ்வளவு மிச்சமாகும் என்பது முதல் கேள்வி. மிச்சப்படுத்துகிறவர் யார், அந்த மிச்சம் யாருடைய கணக்கில் போய்ச் சேர்கிறது என்பது இரண்டாவது. தனி வீட்டுக்காரருக்கு இரண்டாவது கேள்வி எழுவதே இல்லை. ஒரே தொட்டியிலிருந்து 48 குடும்பங்கள் எடுக்கும் இடத்தில் முதல் கேள்விக்கான விடையையே அது மாற்றிவிடுகிறது.

ஆழமாக்குவது என்னும் வசீகரம்

ஆழ்துளைக் கிணற்றை ஆழமாக்கும் யோசனைக்குத்தான் கூட்டத்தில் அதிகக் கைதட்டல் கிடைத்தது. அதை முதலிலேயே தள்ளி வைக்கிறேன். இது சிக்கனமே ஆகாது என்பது ஒரு காரணம். கடலோரத்தில் இது ஆபத்தானது என்பது பெரிய காரணம். எங்கள் பகுதி மணற்பாங்கானது. மழை இறங்கி உருவான நன்னீர், அடியில் உள்ள உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை அது உவர்நீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது நீரியலில் நன்கு அறியப்பட்ட கணக்கு. அப்படியானால் மேலே ஒரு மீட்டர் இறங்கும்போது கீழேயிருந்து உப்பு எவ்வளவு ஏறிவரும் என்பதை எவரும் கணக்கிட்டுக்கொள்ளலாம். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் பல பத்தாண்டுகள் அளவுமீறி இறைத்ததன் விளைவாகக் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஊடுருவியது நமக்கு முன்னே நிற்கும் பாடம். 1987-ஆம் ஆண்டின் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி சென்னைப் பகுதியில் கிணறு தோண்டுவதற்கே அனுமதி பெற வேண்டும் என்பதையும் கைதட்டியவர்கள் நினைவில் கொள்வது நல்லது. இதில் மிச்சம் என்று எதுவும் இல்லை. பக்கத்து மனைக்காரர் அடுத்த ஆண்டு எடுக்கவிருந்ததை நாம் இந்த ஆண்டே எடுத்துவிடுகிறோம்.

மழை: நம் செலவு, தெருவின் வரவு

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். எங்கள் மொட்டை மாடி 9,000 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 836 சதுர மீட்டர். ஆவியாவது, முதல் மழையைக் கழித்துவிடுவது ஆகியவற்றுக்காக ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளினாலும் ஆண்டுக்கு 9 லட்சம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தோன்றும் இது, எங்கள் ஆண்டுத் தேவையில் பத்தில் ஒரு பங்குதான். மாடியோடு தரைப்பரப்பையும் சேர்த்துப் பத்து கிரவுண்டு மனை முழுவதிலும் விழும் மழையை ஒரு சொட்டு விடாமல் எடுத்தாலும் 31 லட்சம் லிட்டர். தேவையில் மூன்றில் ஒன்று. "மழைநீரைச் சேமித்தால் லாரியே வேண்டாம்" என்று கூட்டத்தில் சொன்ன நண்பரின் ஆர்வத்தை மதிக்கிறேன், ஆனால் கணக்கு அவர் பக்கம் இல்லை.

இந்த மழையை எங்கே வைப்பது என்பது அடுத்த சிக்கல். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால் மாடியிலிருந்து மட்டும் ஏறத்தாழ 67,000 லிட்டர் இறங்கும். எங்கள் சம்ப்பின் (நிலத்தடித் தொட்டியின்) கொள்ளளவு 40,000 லிட்டர். ஆகவே மாடி நீரின் ஒரு பகுதியை வடிகட்டி நேரே சம்ப்புக்கும், மிகுதியைத் திறந்த கிணற்றுக்கும் விடுவதே பொருத்தமானது. மணற்பகுதியில் கிணற்றுக்குள் விட்ட நீர் விரைவாக நிலத்துக்குள் இறங்கிவிடும். களிமண்ணோ பாறையோ உள்ள பகுதிகளில் இந்த அளவு எளிதாக இராது. அங்கே களிமண் படுகையைத் துளைத்துக் கீழே உள்ள மணலைத் தொடும் ஆழமான உறைகிணறு வேண்டியிருக்கும்.

2003-ல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எங்கள் கட்டடத்திலும் அவசரமாக ஒரு குழி வெட்டப்பட்டது. இப்போது அதன் ஜல்லி மண்ணடைந்து கிடக்கிறது. மேலே யாரோ துளசித் தொட்டி வைத்திருக்கிறார்கள். சட்டம் குழியை வெட்ட வைத்தது. ஆண்டுதோறும் செப்டம்பரில் அதைத் தூர் வாருவது யார் என்பதைச் சங்கம் தீர்மானிக்கவே இல்லை.

இனி இரண்டாவது கேள்வி. கிணற்றில் நாம் இறக்கும் மழை மதில் சுவரைக் கண்டு நின்றுவிடுவதில்லை. அடுத்த மனையில் மோட்டார் ஓடினால் அங்கேயும் போகும். நம் பணத்தில் தெரு முழுவதும் நீர் ஏறுகிறது. தெருவில் பத்துக் கட்டடங்கள் செய்தால் நமக்கும் ஏறும். நாம் மட்டும் செய்தால் பயன் குறைவு என்பதால் செய்யாமல் விடலாமா என்று ஒருவர் கேட்டார். எங்கள் கிணற்றுக்குப் பக்கத்துக் கட்டடத்தின் மழையும் இத்தனை ஆண்டுகளாக வந்துகொண்டுதான் இருந்திருக்கும் என்பதே என் பதில். கிணறு ஏற்கெனவே இருப்பதால் எங்களுக்கு இது செலவு குறைந்த வேலை. குழாய்களை மாற்றி இணைப்பதும் ஒரு வடிகட்டித் தொட்டி கட்டுவதும் போதும். சிறிய வேலையாக இதையே எடுத்துக்கொள்ளலாம்.

குளித்த நீரைத் திருப்புவது

பொறியியல் படித்தவர்களுக்கு இந்த யோசனை பிடித்துப்போகிறது, எனக்கும் முதலில் பிடித்தது. குளியலும் துணி துவைப்பும் சேர்ந்து ஒருவருக்கு 75 லிட்டர். 192 பேருக்கு 14,400 லிட்டர் தினமும் வீணே சாக்கடைக்குப் போகிறது. கழிப்பறைகளுக்கு வேண்டியதோ 5,760 லிட்டர்தான். வரவு தேவையைவிட இரண்டரை மடங்கு. மேலும், எவரும் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்பது இதன் தனிச்சிறப்பு.

இருப்பினும் எங்கள் வயதுள்ள கட்டடத்தில் குளியலறை நீரும் கழிப்பறை நீரும் ஒரே குழாயில் இறங்குகின்றன. பிரித்தெடுக்கவும், சுத்திகரித்த நீரை மேலே ஏற்றித் தனிக் குழாயில் இறக்கவும் 48 வீடுகளின் குளியலறைச் சுவர்களை உடைக்க வேண்டும். சோப்பு நுரையும் முடியும் அழுக்கும் கலந்த இந்த நீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கி வைத்தால் நாற்றமெடுக்கும். ஆகவே சுத்திகரிப்பு ஒரு நாளும் நிற்கக் கூடாது. குடிநீர்க் குழாயுடன் தவறிக்கூட இணையாதபடி வேறு நிறக் குழாய், வேறு தொட்டி, அதை அறிந்த பிளம்பர் ஆகியவை வேண்டும். இரவு மோட்டாரை நிறுத்துவதையே யார் செய்வது என்று சண்டையிடும் சங்கம் இதை இருபது ஆண்டுகள் நடத்துமா என்பதை உறுப்பினர்கள் மனத்தைத் தொட்டுச் சொல்ல வேண்டும். புதிதாகக் கட்டப்படும் அடுக்ககமாக இருந்தால், வரைபடத்திலேயே இரட்டைக் குழாய் இருக்குமானால், என் முடிவு மாறியிருக்கும். எங்களுக்கு ஏற்றது இதன் எளிய வடிவம்: தரைத்தள வீடுகளின் துணி துவைக்கும் நீரை மட்டும் கல்வாழையும் சேப்பங்கிழங்கும் நட்ட பாத்திக்கு விடுவது. பாத்தியைக் கிணற்றிலிருந்து தள்ளி அமைக்க வேண்டும். இதைச் செய்தால் தோட்டத்துக்குக் கிணற்று நீர் வேண்டாம்.

இந்த யோசனையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஆனால் அதற்கு அடுத்த யோசனையைப் பார்த்தாக வேண்டும்.

குழாயும் கழிப்பறைத் தொட்டியும்

பழைய கழிப்பறைத் தொட்டி ஒருமுறை இழுத்தால் 10 லிட்டர் கொட்டும். வீட்டில் இருக்கும் நேரத்தில் ஒருவர் மூன்று முறை பயன்படுத்துகிறார் என்றால் 30 லிட்டர். இரண்டு பொத்தான் உள்ள புதிய தொட்டியில் பெரியது 6 லிட்டர், சிறியது 3 லிட்டர். அதே மூன்று முறைக்கு 12 லிட்டர் போதும். ஆளுக்கு 18 லிட்டர் வீதம் 192 பேருக்கு நாளொன்றுக்கு 3,456 லிட்டர் மிச்சம். ஆண்டுக்குப் பார்த்தால் 12 லட்சம் லிட்டருக்கு மேல், அதாவது மொட்டை மாடி மழை முழுவதையும்விட அதிகம். இதை எழுதும்போது எனக்கே வியப்பாக இருந்தது. மழைநீர் சேகரிப்பைப் பற்றிச் சுவரெங்கும் எழுதுகிறோம். கழிப்பறைத் தொட்டியைப் பற்றிப் பேச எவருக்கும் மனம் வருவதில்லை.

மேலே பாதியில் நிறுத்திய செய்தி இதுதான்: இந்த யோசனைகளின் மிச்சங்களை ஒன்றோடொன்று கூட்ட முடியாது. கழிப்பறைத் தொட்டிகளை மாற்றிய பிறகு கழிப்பறைகளின் தேவை 5,760 லிட்டரிலிருந்து 2,304 லிட்டராகக் குறைந்துவிடும். அதன் பின் பெருஞ்செலவில் சுத்திகரிப்பு நிலையம் அமைத்தால் அது மிச்சப்படுத்தப்போவது அந்த 2,304 லிட்டரை மட்டுமே. விற்பனையாளர்கள் தரும் மதிப்பீடுகளில் ஒவ்வொருவரும் தம்முடையதே முதலில் செய்யப்படும் எனக் கொண்டு கணக்கிடுகிறார்கள். எனவே மலிவானதை முதலில் செய்து, எஞ்சும் தேவையைக் கொண்டு அடுத்ததை எடைபோட வேண்டும்.

குழாய்களின் வாயில் பொருத்தும் காற்றுக் கலப்பான்கள், ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை வாளியில் பிடித்துத் தரை துடைப்பது போன்றவற்றைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. பழைய ஆர்.ஓ. இயந்திரங்கள் ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகின்றன. நீரில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் அறிவுறுத்தியதும் இதனால்தான்.

இரண்டாவது கேள்வியில்தான் இந்த யோசனை இடறுகிறது. தொட்டியை மாற்றும் செலவு வீட்டு உரிமையாளருடையது. வாடகைக்கு இருப்பவர் அதைச் செய்யமாட்டார், வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளருக்கு அது அவசரமில்லை. மாற்றியவருடைய மிச்சமோ 48 பங்காகப் பிரிந்துவிடுகிறது. ஒருவர் நாளொன்றுக்கு 72 லிட்டரைத் தம் வீட்டில் மிச்சப்படுத்தினால் அவர் பங்கில் சேர்வது ஒன்றரை லிட்டர். மீதி மற்ற 47 வீடுகளுக்கு. இந்தக் கணக்கைச் சொல்லத் தெரியாதவரும் மனத்தளவில் இதை அறிந்தே இருக்கிறார். சிக்கனம் குறித்த சுற்றறிக்கைகள் அறிவிப்புப் பலகையிலேயே காய்ந்து போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மீட்டர்

வீட்டுக்கு வீடு மீட்டர் பொருத்தினால் ஒரு சொட்டு நீர்கூட நேரடியாக மிச்சமாகாது. மிச்சம் யாருடையது என்பதை மட்டுமே அது எழுதிக் காட்டுகிறது. எனினும், மற்ற யோசனைகள் நிலைப்பதற்கு இதுவே அடிப்படை என்பது என் முடிவு.

எதிர்ப்புகளில் சில நியாயமானவை. எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் மேல்நிலைத் தொட்டியிலிருந்து மூன்று இடங்களில் குழாய் நுழைகிறது: இரண்டு குளியலறைகள், ஒரு சமையலறை. ஆக 48 மீட்டர் போதாது, 144 வேண்டும். கடைசி மாடியில் ஏற்கெனவே நீர் அழுத்தம் குறைவு. சுழல் பொறி உள்ள மீட்டர் அதை இன்னும் குறைக்கும். கடின நீரில் உப்பு படிந்து அந்தப் பொறி சில ஆண்டுகளில் நின்றுவிடவும் கூடும். நகரும் பாகம் இல்லாத, ஒலியலையால் அளக்கும் மீட்டர் இவ்விரு குறைகளையும் தவிர்க்கும், ஆனால் விலை கூடுதல். இந்த ஆண்டின் பெரிய வேலையாக இதைச் சொல்வது அதனால்தான்.

கட்டணத்தை வகுப்பது இதைவிடக் கடினம். முதியோர் இருவரும் கைக்குழந்தையும் உள்ள ஆறு பேர் வீட்டுக்கும் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கும் ஒரே வரம்பு வைப்பது முறையாகாது. ஆள் எண்ணிக்கைப்படி வரம்பு வைத்தால் யார் எத்தனை பேர் என்று சங்கம் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். மோட்டார் மின்சாரம், தொட்டி கழுவுதல், கிணற்றுப் பராமரிப்பு ஆகியவற்றை எல்லா வீடுகளுக்கும் சமமாகப் பிரித்துவிட்டு, லாரிச் செலவை மட்டும் மீட்டர்படி பிரிப்பதே தகராறு குறைந்த வழி எனக் கருதுகிறேன். லாரி வராத மாதத்தில் எவருக்கும் கூடுதல் சுமை இராது. லாரி வரும் மாதத்தில் அதை வரவழைத்தவர்கள் அதற்கேற்பத் தருவார்கள்.

சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்கு மெட்ரோ வாட்டர் கட்டணம் மீட்டரின்றி மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையாக இருப்பதால், தண்ணீரை அளப்பதே நம்மவர்களுக்கு அவமதிப்பாகத் தோன்றுகிறது. ஆனால் பொது நீருக்குக் கணக்கு வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரிக்கென்றே ஆறு பேர் கொண்ட ஏரி வாரியத்தைக் குடவோலையில் தேர்ந்தெடுத்த முறை எழுதப்பட்டிருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி ஓலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர்கள். எங்கள் சங்கத்தின் விதிகளில் இதைச் சேர்த்தால் செயற்குழுவுக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிடும் என்பது வேறு விஷயம்.

"இதெல்லாம் அரசு செய்ய வேண்டியது"

கூட்டத்தில் இப்படிச் சொன்னவர்களும் உண்டு. அரசு செய்யாமல் இல்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நீரோடு முதல் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. அந்த ஒரு ரயில் நீர் எங்கள் அடுக்ககத்துக்கு மட்டும் என்றால் மூன்று மாதத்துக்குச் சற்று மேல் வரும். மீஞ்சூரில் 2010 முதலும் நெம்மேலியில் 2013 முதலும் கடல்நீர் குடிநீராக்கப்படுகிறது. நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது நிலையம் 2024-ல் திறக்கப்பட்டது. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரைத் தலா நாலரைக் கோடி லிட்டர் வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். அவ்வளவு நன்னீர் வீடுகளுக்கு மிஞ்சுகிறது. இவற்றில் கடல்நீர் வழி மின்சாரத்தைத் தின்பது: ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் வரை ஆகும். பழைய தொட்டிகளால் நாங்கள் தினமும் கூடுதலாகக் கொட்டும் 3,456 லிட்டரைக் கடலிலிருந்து ஈடுசெய்ய யாரோ நாளொன்றுக்குப் பத்து யூனிட்டுக்கு மேல் செலவிட வேண்டும்.

ஆகவே பொதுக்குழுவுக்கு நான் எழுதித் தந்த பரிந்துரை இது. அக்டோபருக்குள் மழைநீரைத் திறந்த கிணற்றுக்கும் சம்ப்புக்கும் இணைத்து முடிப்பது. அதைத் தூர் வாரும் பொறுப்பை ஆண்டுதோறும் ஒரு மாடிக்கு என முறைவைப்பது. கழிப்பறைத் தொட்டிகளைச் சங்கமே மொத்தமாக வாங்கிப் பொருத்தி, விலையை உரிமையாளர்களிடம் தவணையில் பெறுவது. மோட்டார்களுக்கும் மெட்ரோ வாட்டர் இணைப்புக்கும் உடனே மீட்டர் பொருத்துவது. வீட்டு மீட்டர்களை இந்த ஆண்டுக்குள் பொருத்தினாலும் முதல் ஆறு மாதம் கட்டணம் வசூலிக்காமல், அளவை மட்டும் அந்தந்த வீட்டுக்குத் தெரிவிப்பது. குளியலறை நீரைத் திருப்பும் திட்டத்தை, இந்த அளவுகள் கையில் வந்த பிறகு மறுபடி பார்ப்பது.

இதை எழுதி முடித்த பின், மேல்நிலைத் தொட்டியில் ஒரு சிறிய சோதனை செய்தோம். நள்ளிரவு ஒரு மணிக்கு மோட்டாரை நிறுத்தி, நீர்மட்டத்தை மரக்கோலால் குறித்து, நான்கு மணிக்கு மறுபடி அளந்தோம். கட்டடம் உறங்கும் அந்த மூன்று மணி நேரத்தில் மட்டம் இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. தொட்டியின் பரப்பு 20 சதுர மீட்டர் என்பதால் அது 400 லிட்டர். நாள் முழுவதும் இதே வேகத்தில் ஒழுகினால் 3,200 லிட்டர். கழிப்பறைத் தொட்டிகள் அனைத்தையும் மாற்றினால் கிடைக்கும் மிச்சத்துக்குக் கிட்டத்தட்ட ஈடான நீர் எங்கோ சத்தமின்றிப் போய்க்கொண்டிருக்கிறது. எந்த வீட்டில் என்று காட்ட மீட்டர் இல்லாததால், வருகிற சனிக்கிழமை முதல் பிளம்பரும் செயற்குழுவில் ஒருவருமாக நான்காம் மாடியிலிருந்து ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு கீழே இறங்கப்போகிறோம்.